தேக்கு வெட்டினவர்

"மரத்தை வெட்டினது யாருன்னு நான் கிளம்பறதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இந்த வருஷம் ஊர்ல ஒருத்தரும் காட்டுக்குள்ள புல் அறுக்க முடியாது."

சொல்லிவிட்டு வனத்துறை ரேஞ்சர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மஜீதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வையம்பட்டிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரின் வனக்குழுத் தலைவி அவள். அரசாங்கத்தின் தேக்குத் தோட்டத்தை ஊர்க்காரர்கள் காவல் காப்பது, பதிலுக்குப் புல்லும் சுள்ளியும் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பங்குனி வெயிலில் வெளியே எங்கும் பச்சை இல்லை. அவள் வீட்டிலேயே கறவை மாடுகள் கத்திக்கொண்டு நிற்கின்றன.

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஜீதா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"சொல்லித் தொலைங்க. ஒருத்தர் பண்ணினதுக்கு ஊர் மாடெல்லாம் பட்டினி கிடக்கணுமா?"

பின்னாலிருந்து சின்னையன் எழுந்தார். முறை வைத்துத் தோட்டத்தைக் காவல் பார்க்கிறவர்களில் ஒருவர்.

"நான்தான் வெட்டினேன்."

கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"காவலுக்குப் போறவன் பண்ற வேலையா இது?"

"குழுவை விட்டுத் தூக்குங்க சார்."

ரேஞ்சர் இறங்கி வந்து முடிவைச் சொன்னார். சின்னையன் இனி குழுவில் இல்லை. அவர் வீட்டுக்கு மட்டும் இந்த வருஷம் புல் கிடையாது. வெட்டின இடத்தில் தேக்கங்கன்று நட்டு அவரே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சின்னையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஜீப் போன பிறகும் மஜீதாவுக்கு மனசு ஆறவில்லை. நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"மரத்தையாவது குடுங்கண்ணே. ஆபீஸ்ல ஒப்படைச்சிடறேன்."

"என்கிட்ட இல்லம்மா."

"அதுக்குள்ள வித்தாச்சா?"

"வெட்டினாத்தானே விக்கறதுக்கு?"

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னாடி திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டீங்க?"

சின்னையன் நடப்போகிற தேக்கங்கன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் குடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாராவது ஒருத்தர் சொல்லணும்ல? உங்க எல்லார் வீட்லயும் மாடு நிக்குது. என் மாட்டைத்தான் நான் ஐப்பசிலயே வித்துட்டேனே. எனக்கு எதுக்கும்மா புல்லு?"