கடைசி ஜீப்பில் இரண்டு சீட்டு

“மப்ளர நல்லா சுத்திக்கோ நைனா. காதுல காத்து பூந்தா பேஜாரு” என்று அன்பரசி அப்பாவின் கழுத்தில் இழுத்துக் கட்டிவிட்டாள். அந்த இமயமலைப் பள்ளத்தாக்கில், புத்த மடத்துத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தவர்கள், பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செங்கல்பட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து வாசலில் வந்து நின்ற அப்பன் கருப்பனுக்கு ஒரு வருஷமாகச் சோறு போட்டவள், இப்போது இமயமலையும் கூட்டிப் போகிறாளே என்று தெருவே மெச்சியது. அவள் வயிற்றெரிச்சல் தெருவுக்கு எங்கே தெரியும்?

அவன் விட்டுப் போனபோது அவளுக்கு ஏழு வயசு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில், “இங்கியே குந்து, சுண்டல் வாங்கியாறேன்” என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், இன்னொருத்தியோடு பஸ் ஏறிவிட்டான். அழுதழுது தொண்டை கட்டிப்போன பிள்ளையை ஒரு போலீஸ்காரர்தான் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பனி விழுந்தால் ஆறு மாசம் பாதை அடைத்துக்கொள்ளும் என்று செல்போன் வீடியோவில் பார்த்த அன்றே அன்பரசி இந்தப் பள்ளத்தாக்கை முடிவு செய்துவிட்டாள். மடத்தில் கஞ்சி ஊற்றுவார்கள், சாக மாட்டான். பாஷை தெரியாத ஊரில் நாதியில்லாமல் கிடந்து தவிக்கட்டும், அது போதும்.

காலையில் ஜீப் ஸ்டாண்டில் ஒரு ராணுவக்காரர் தமிழில் பேசினார். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழிக்காரராம், பெயர் பெஞ்சமின்.

“இன்னிக்கிப் போறதுதான்க்கா கடைசி ஷேர் ஜீப்பு. உங்க ரெண்டு பேருக்கும் சீட்டு சொல்லி வச்சிகீறேன். பத்து பேரு ரொம்பிட்டா டிரைவரு ஒரு நிமிஷம் நிக்கமாட்டான். இத வுட்டா அப்பறம் சித்திரை மாசம்தான்.”

அதையெல்லாம் கருப்பனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

மடத்து முற்றத்தில் முரசு அதிர்ந்தது. முகமூடி போட்ட பிட்சுக்கள் சுழன்று சுழன்று ஆடினார்கள். ஊர் சனம் மொத்தமும் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“இங்கியே குந்திகினு இரு நைனா. டீ வாங்கியாறேன்.”

“இன்னா அவசரம்? பொறுமையா வாம்மா” என்றான் கருப்பன், தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

“இத ஏன் தூக்கிகினு வந்த? ரூம்லயே வச்சிருக்கலாம்ல?”

“பழக்கம்மா.”

அன்பரசி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மேட்டிலிருந்த லாட்ஜுக்கு மூச்சிரைக்க ஏறிப் போய்த் தன் பையை எடுத்தாள். காலையிலேயே தூக்கி வந்திருந்தால் கிழவன் மோப்பம் பிடித்திருப்பான். அவன் சுற்றுமுற்றும் பார்த்து, எழுந்து, கண்ட கண்ட முகத்திலெல்லாம் தன்னைத் தேடி அலைவதை நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கினாள்.

ஸ்டாண்டில் ஜீப் இல்லை. டயர் தடத்தின் மேல் பனி பொடிப்பொடியாக விழ ஆரம்பித்திருந்தது. பெஞ்சமின் மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டி எங்க?”

“அது போயி கால் மணி நேரம் ஆச்சேக்கா!”

“எப்டி எடுத்தான்? ரெண்டு சீட்டு சொல்லி வச்சிகீறேன்னியே!”

பெஞ்சமின் ஒன்றும் புரியாமல் அவளையும் அவள் கையிலிருந்த பையையும் பார்த்தார்.

“உங்க நைனாதான்க்கா வந்து ஏறிகினு, பொண்ணு வர்ல, வண்டிய எடுக்கச் சொல்லுன்னாரு!”