டூப்ளிகேட் லென்ஸ்

“இது டூப்ளிகேட் லென்ஸ். நோண்டி எடுத்துட்டு வேற வையுங்க.”

சிங்காரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி டாக்டரம்மா மேசை மேல் பொத்தென்று போட்டார். கூட வந்த அவர் சம்சாரம் சௌந்தரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரியில்தான் போன மாசம் அவர் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். தையல் இல்லை, கட்டு இல்லை, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வலிக்காமல் செய்கிற வேலை எது உருப்பட்டிருக்கிறது என்று சிங்காரம் அப்பவே கேட்டார். யார் காதில் வாங்கினார்கள்?

டாக்டரம்மா தமிழ்ச்செல்வி சின்ன வயசு. “உக்காருங்க பெரியவரே, பார்த்துடலாம்” என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பலகையைக் காட்டினார். பலகை முழுக்கச் சீப்பு மாதிரி படம். பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும்.

சிங்காரம் கடைசி வரிசைப் பொடிச் சீப்பு வரைக்கும் கையை நீட்டிக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஜன்னல் வழியா எதிர்க்கடை தெரியுதா தாத்தா?” என்றாள் நர்ஸ் பிரிசில்லா.

“தெரியுது. வாழைத்தாருல மேலேருந்து ரெண்டாவது சீப்பு அழுவிப்போச்சு. வாங்கிடாத.”

“எல்லாம் நல்லாத்தானே தெரியுது?” என்றார் டாக்டரம்மா.

“இதெல்லாம் தெரிஞ்சு இன்னா பண்றது? தெரிய வேண்டியது தெரியலையே! நேத்து திருப்பாதிரிப்புலியூர்ல என் பையன் கல்யாணம். சம்பந்தி சபாபதிக்குத் தெரிஞ்சுது, அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுது. அவன் மாமியா தைலம்மாளுக்கு ரெண்டு கண்ணும் பூ விழுந்து கெடக்கு, அதுக்கே தெரிஞ்சுதாம். நான் அண்ணாந்து அண்ணாந்து பார்க்குறேன், கண்ணு கூசுறதுதான் மிச்சம்.”

“கூசுதா?” டாக்டரம்மா அதை மட்டும் குறித்துக்கொண்டார்.

“அது தெரியாதவன் ஆறு மாசம் தாங்க மாட்டான்னு சபாபதி மண்டபத்து வாசல்லயே சொல்லிட்டான். வர்ற தீவாளிக்கு நான் இருக்க மாட்டேன். நீங்க வச்ச லென்ஸு என்னைக் கொன்னுடுச்சு.”

“நாளைக்கு எடது கண்ணுக்கு வரச் சொல்லியிருக்கீங்க. அந்தக் கண்ணையாவது உட்டுடுங்கம்மா” என்று சௌந்தரம் பெரிசாகவே அழுதாள்.

புரை எடுத்து யாரும் செத்ததாக டாக்டரம்மா படித்ததில்லை. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், லைட் அடித்துப் பார்த்தார், மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல், ஆபரேஷன் செய்த டாக்டர் ஞானசேகரனையே கூப்பிட்டு அனுப்பினார்.

அவரும் வந்து குனிந்து குனிந்து பார்த்தார். “நரம்பு சுத்தமா இருக்கு. லென்ஸ் ஆணி அடிச்ச மாதிரி நடுவுல நிக்குது. அப்படி என்னதாங்க தெரியல உங்களுக்கு?”

அதைத் தன் வாயால் சொல்ல சிங்காரத்துக்குப் பயம். சௌந்தரம்தான் சொன்னாள்.

“அருந்ததிங்க. அய்யரு வடக்கால கையைக் காட்டி, நட்சத்திரம் தெரியுதான்னு கேட்டாரு. எல்லாரும் தெரியுதுன்னாங்க. இவுரு ஒருத்தருதான் தெரியலன்னுட்டாரு.”

பிரிசில்லா வேதக்காரப் பெண். இந்தச் சடங்கெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. “எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டாள்.

“பத்தரை முகூர்த்தம்.”

“ராத்திரியா?”

“ராத்திரியில எவம்மா தாலி கட்டுவான்? காலையிலதான்” என்றார் சிங்காரம் எரிச்சலாக.

பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மாவால் அதுகூட முடியவில்லை, சிரித்தே விட்டார்.

“பெரியவரே, பகல்ல நட்சத்திரம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. காட்டுன அய்யருக்கே தெரியாது. கேட்டா தெரியுதுன்னு சொல்லணும், அதான் சடங்கு. நேத்து அங்க நின்னதுல உங்க கண்ணு ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு.”

சிங்காரம் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். “நீ பார்த்தேன்னியே?”

“நல்ல காரியத்துல நின்னுக்கிட்டு தெரியலன்னா சொல்லுவாங்க? கேக்குறதுக்கு முன்னாடியே தலையாட்டிட்டேன்.”

சிங்காரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சபாபதி புளுகன் என்று இத்தனை நாளாக அவர் சொல்லிவந்ததை இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். ஸ்டூலை விட்டு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“நாளைக்கு எடது கண்ணையும் பண்ணிடுங்க. வேற யாரும் வாணாம். இந்த டாக்டரு கையாலதான் பண்ணணும்” என்று ஞானசேகரனைக் காட்டினார்.

ஞானசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. சிங்காரம் எழுந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்து, மெஷினில் தாடையை வைத்தார்.

“தமிழ்ச்செல்வி, என் கண்ணைக் கொஞ்சம் பாருங்க. போன மாசம் என் கல்யாணத்துல எனக்கு நெசமாவே தெரிஞ்சுது.”