ஒரு கோடு சிக்னல்

இலங்கையில் போர் முடிந்த கிழமை. கனடாவின் ஸ்காபரோ வீட்டில் ரீவீச் செய்தியை விட்டு எழும்பாதிருந்த ரஜிதாவைக் கணவன் குகன்தான் இந்த வடக்குக் காட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறான். மூன்று ஏரிகளைக் கடந்த கனூப் படகு, நாலாவது ஏரியின் நடுவில் காலைப் பனிமூட்டத்துக்குள் நிற்கிறது. அவளுடைய கைபேசியில் திடீரென்று ஒரே ஒரு கோடு சிக்னல் விழுகிறது. முகாம் பட்டியலில் ரஜிதாவின் தம்பியின் பெயரைத் தேடிப்போன மச்சாள், வவுனியாவில் அவளது அழைப்புக்குக் காத்திருக்கிறாள். “எடுமன்,” என்கிறான் குகன், துடுப்பால் கனூவை அசையாமல் பிடித்தபடி. “கொஞ்சம் பொறுங்கோ. எடுக்குமட்டும் அவன் இருக்கிறான்தானே,” என்கிறாள் ரஜிதா. மூட்டத்துக்குள் ஒரு நீர்ப்பறவை மனிதக் குரலில் கூப்பிடுகிறது. நரம்பை ஏரிக்குள் விட்டபடி அவள் காலடியில் கிடக்கும் தூண்டில் வளைகிறது. ஏதோ ஒரு பெரிய மீன் கனூவை மெல்ல இழுத்துப் போகிறது. கோடு மறைகிறது. சிக்னல் விழுந்த இடத்துக்குக் கனூவைத் திருப்பச் சொல்லி ரஜிதா கேட்கவில்லை.