சேர்ந்து வாழ வாய்ப்பில்லை

“இந்த ஆளோட இனி ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது மேடம்” என்றாள் அவள். சொல்லிவிட்டு, போதுமா என்பதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டையும் அரை மணி நேரத்தில் இறக்கிவிடுகிறவருக்கு, இந்த அறையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் பேனாவைத் திறந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். சிரித்துப் பழகாத முகம். ‘சேர்ந்து வாழ வாய்ப்பில்லை’ என்று இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நீதிபதி விவாகரத்துக் கொடுப்பார்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“இருபத்தேழு” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“அப்படி என்னம்மா குறை?”

“எடுத்ததுக்கெல்லாம் கத்துவாரு. சம்பளத்தைக் கண்ணுல காட்டமாட்டாரு. எங்கேயும் கூட்டிட்டுப் போகமாட்டாரு.” அவள் ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். “குறட்டை விடுவாரு.”

மெக்கானிக் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“அவ சொல்றதெல்லாம் உண்மைதான் மேடம். நான் ரொம்ப மோசம்.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். “பதினெட்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். ஒத்துக்கிட்ட புருஷனை இன்னைக்குத்தான் பாக்கறேன். ரெண்டு பேரும் நல்லா யோசிங்க. நான் தனியா இருக்கறவ, ஆறு வருஷமாச்சு. அது அவ்வளவு சுலபமில்லை.”

மேஜை மேல் அவருடைய செல்போன் அதிர்ந்தது. எடுத்து, “கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல இருக்கும், பாருங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. மெக்கானிக்கின் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போனது. இரண்டு மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். அவளும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி விழுங்கினாள். விழுங்கிய பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

“கொஞ்சம் வெளியே உக்காருங்க” என்றார் ஆலோசகர்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் பல்லைக் கடித்தாள். “கெடுத்தீங்களே காரியத்தை!”

“மணி பதினொண்ணு ஆயிடுச்சு. கை தானா போயிடுச்சு, நான் என்ன பண்ண?” என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “குறட்டை நாம எழுதி வச்ச லிஸ்ட்ல இல்லையே?”

“ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்னு நானாத்தான் சேர்த்தேன்.”

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அவருடைய கம்பெனி இன்ஷூரன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்: இனி காப்பீடு ஊழியருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை.

அடுத்த மாதம் வந்த பில்லில், கடைசி வரியில் இருந்ததை ஆஸ்பத்திரியின் போன் நம்பர் என்றுதான் முதலில் நினைத்தார். பைக்கை விற்று இரண்டு மாதம் ஓட்டினார். பிறகு மூன்று முறை இரண்டு முறையாயிற்று. அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

இலவச சிகிச்சை அட்டை கேட்டு அரசு அலுவலகத்தில் நின்றார்கள். “புருஷன் சம்பளம் வரம்பைத் தாண்டுதேம்மா. புருஷன் இல்லாதவங்கன்னா உடனே கொடுத்துடலாம்” என்றார் கவுன்ட்டர்காரர். இல்லாமல் போவதற்கு இரண்டு வழிதான் இருந்தது. மெக்கானிக் வக்கீல் ஃபீஸோடு முடிகிற வழியைத் தேர்ந்தெடுத்தார்.

“உள்ளே வாங்க” என்று குரல் கேட்டது.

போனதும் ஆலோசகர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அந்த மாத்திரை எதுக்கு?”

“சளிக்கு” என்றார் அவர். “காய்ச்சலுக்கு” என்றாள் அவள்.

ஆலோசகரின் பார்வை அவளுடைய இடது கையில் நின்றது. அவள் புடவைத் தலைப்பை இழுத்து, ஊசி குத்திப் புடைத்த இடத்தை மூடிக்கொண்டாள்.

எல்லாம் போயிற்று என்று தோன்றியது மெக்கானிக்குக்கு. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். “பொய்தான் மேடம். ஒப்புக்கறேன். எனக்கு எதுவும் வேண்டாம், இவளுக்கு அந்த அட்டை மட்டும்...”

“உக்காருங்க. நான் எதுவும் கேக்கலை. நீங்களும் எதுவும் சொல்லலை.”

ஆலோசகர் பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தி, தாளை அவர்கள் பக்கம் திருப்பினார். ‘எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பலனில்லை. தம்பதி சேர்ந்து வாழ வாய்ப்பில்லை.’

மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தார். கேட்டது கிடைத்துவிட்டது. தாளை ஆலோசகர் பக்கமே தள்ளிவைத்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து கதவுவரை போனார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றார் ஆலோசகர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். “தனித்தனியா வீடு பாக்கறப்ப ஒரே தெருவுல பாத்துடாதீங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் அதுலதான் மாட்டப் பாத்தோம்.”