துலுக்கானத்துக்கு இரண்டாம் அம்மை

மஞ்சள் வேட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் வேப்பிலைக் கொத்தோடு துலுக்கானம் கம்பெனி டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும், பெஞ்சில் தலைவலி, வயிற்றுவலி என்று உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் குணமாகிவிட்டது.

எழுந்து ஓடினார்கள்.

அம்மை வார்த்த உடம்போடு வாசலைத் தாண்டுவது அயனம்பாக்கத்தில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பாயை விட்டு நகரக் கூடாது. முதலில் பெண்டாட்டி பேபிதான் லீவு லெட்டரோடு வந்தாள். ஆளே நேரில் வரவேண்டும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் போன மாதம் கேன்டீனில் நடந்த பிரசங்கத்தின் பலன்.

கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் கங்காதரன் படம் மாட்டி, பிரம்பால் தட்டித் தட்டிப் பேசினார். அம்மைக் கிருமி ஒருமுறை வந்து போனால், அதன் முகஜாடையை மனப்பாடம் செய்துகொண்ட அணுக்கள் சில உடம்பிலேயே தங்கிவிடுமாம். ரிடையர்மென்ட்டே இல்லாத காவல்காரர்களாம். நாற்பது வருஷம் கழித்து அதே கிருமி வந்தாலும், ‘வாடா, உன்னைத் தெரியும்’ என்று வாசலிலேயே மடக்கிவிடுமாம்.

பன்னுக்கும் டீக்கும் வந்தவர்கள் உட்கார்ந்தபடியே கைதட்டினார்கள். பெர்சனல் ஆபீசர் குணசேகரன் எழுந்து நின்று தட்டினார். மறுநாளே நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் தொங்கியது: அம்மை லீவு, சர்வீஸில் ஒருவருக்கு ஒரே தடவை.

துலுக்கானம் ஐந்து வருஷத்துக்கு முன்னால், எண்பத்தாறிலேயே, ஒரு தடவை எடுத்திருந்தான்.

“ரெண்டு அம்மை,” என்றார் குணசேகரன், மூக்கில் கைக்குட்டையும் கக்கத்தில் ஃபைலுமாக. “விஞ்ஞானப்படி ஒண்ணு பொய். எதுன்னு நீயே சொல்லிடு. எதைச் சொன்னாலும் வேலை போயிடும், அது வேற விஷயம்.”

துலுக்கானத்துக்கு ஜுரம் நூற்றி மூன்றைத் தொட்டிருந்தது. கால் தரையில் பாவவில்லை. சீலிங் ஃபேன் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பது போலிருந்தது.

இது சத்தியமான அம்மை. மார்பில் முத்து முத்தாக நிற்கிறது. எண்பத்தாறில் அவனுக்கு வந்தது இரண்டு லோடு செங்கல். மச்சான்கள் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் கிடைத்த அந்தப் பதினைந்து நாளில் வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். டாக்டர் சீட்டு வாங்கி வந்தவள் பேபி. எங்கே, யாரிடம் என்று அவன் கேட்டதில்லை. சாந்து குழைத்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சுவர் இருக்கும், சோறு இருக்காது.

“இன்னா சார் பண்றது, அம்மாவுக்கு எம்மேல அவ்ளோ ஆசை. மறுக்கா வந்துகீறா,” என்றான்.

“விஞ்ஞானத்துக்கு ஆசாபாசம் கிடையாது!” என்று மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பத்தடி தள்ளி நின்றபடியே டாக்டர் கங்காதரன் அவன் உடம்பைப் பரிசோதித்து முடித்திருந்தார். “இது கொசுக்கடி. இல்லையென்றால் அது பொய் சர்டிபிகேட். எடுங்கள் அதை. எந்த மடையன் எழுதிக் கொடுத்தான் என்று பார்த்துவிடுகிறேன். மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதி அவன் போர்டையே கழற்ற வைக்கிறேன்!”

குணசேகரன் ஃபைலிலிருந்து உருவி நீட்டினார். அவருக்கு அதில் தேதி ஒன்றுதான் புரிந்திருந்தது. கையெழுத்து, மண்புழு மைக்கூட்டில் விழுந்து எழுந்து தலைதெறிக்க ஓடியது போலிருந்தது.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு அதை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“புழு,” என்றார்.

“யாரு சார்?” என்றார் குணசேகரன்.

“இவன் வயிற்றில் புழு இருக்கிறது. அது லேசுப்பட்டதில்லை குணசேகரன்! தன்னை யாரும் விரட்டக் கூடாது என்று உடம்பின் கோபத்தையே தணித்து வைக்கும். தாலாட்டே பாடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தத் தாலாட்டில் காவல்கார அணுக்களும் கண்ணயர்ந்துவிட்டன. அம்மை கேட்டைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே வந்துவிட்டது. வெளிநாட்டில் எல்லாம் இதை வைத்துத்தான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

“அப்போ போன மாசம் நீங்க சொன்னது...”

“அது புழு இல்லாதவர்களுக்கு!”

அதற்குப் பிறகு காரியங்கள் கிடுகிடுவென்று நடந்தன. அந்த அம்மையும் நிஜம், இந்த அம்மையும் நிஜம். பதினைந்து நாள் லீவு, சம்பளத்தோடு. சர்க்குலர் வாபஸ். கம்பெனியில் அத்தனை பேருக்கும் பூச்சி மாத்திரை. குணசேகரன் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்தார். டாக்டர் முதல் மாத்திரையை அதில் போட்டார்.

துலுக்கானம் மிதந்துகொண்டே வெளியே வந்தான்.

டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வெளியே பேபி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“அழாதமே. லீவு கெடச்சிடுச்சு,” என்றான்.

அவள் முந்தானையை எடுத்தாள். அழவில்லை.

“யோவ், இவருதான்யா அது! அப்போ ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட தனியா ஆஸ்பத்திரி வெச்சிருந்தாரு. அம்மைன்னு நான் சொல்லி வாய மூடல, உள்ள பூந்து கதவ சாத்திக்கினாரு. ‘நானே ஊட்டுக்கு வந்து, அவன் ஒடம்பு பூரா தொட்டுப் பாத்ததா எழுதிகீறேன், யாரு கேட்டாலும் அப்டியே சொல்லு’ன்னு சீட்ட ஜன்னல் வழியா வீசுனாரு.”