பெட்டி காலி

திரையரங்கின் நுழைவுக்கூடத்தில், ‘இதய மீட்புக் கருவி’ என்று எழுதப்பட்ட சுவர்ப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“எழுதுய்யா,” என்றார் ஆய்வு அதிகாரி, தம் உதவியாளரிடம். குரல் தாழ்ந்திருந்ததே தவிர அதட்டல் குறையவில்லை. “பொது இடத்துல எந்நேரமும் கருவி பெட்டியில இருக்கணும்னு சட்டம். இங்க இல்ல.”

உதவியாளர் தயங்கினார். “சார், இப்பப் போய்...”

“இப்ப, அப்பன்னு சட்டத்துல இருக்கா?”

மேலாளர் கைகூப்பினார். “பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் அங்கதான் சார் இருந்துச்சு. அவசரம்னு எடுத்தோம்.”

“எடுத்தா, பதிலுக்கு இன்னொண்ணு வெச்சிருக்கணும். மூணு நாள் தியேட்டரை மூடுங்க.”

“நாப்பது பேர் பொழப்புல மண்ணு விழும் சார். ஒரு உயிரைக் காப்பாத்தத்தானே எடுத்தோம்?”

“யார் உயிரா இருந்தா எனக்கென்ன? விதி விதிதான்.”

சட்டத்தின் நோக்கத்தைத் தொலைத்துவிட்டு அதன் எழுத்துக்குக் காவல் நிற்பவரிடம் மன்றாடிப் பயனில்லை என்பது மேலாளருக்கு விளங்கியது.

“கருவியை இப்பவே பெட்டியில வைங்க. பார்த்துட்டுத்தான் நான் போவேன்.”

“வெச்சிடறேன் சார்.”

மேலாளர் ஸ்ட்ரெச்சரின்மேல் குனிந்தார். அதில் மல்லாந்து படுத்திருந்த அதிகாரியின் திறந்த மார்பில், கருவியின் இரு பட்டைகளும் இன்னும் ஒட்டியிருந்தன.

“ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாதுன்னு ஆம்புலன்ஸ்காரர் சொல்றார். நீங்க சொன்னா, இப்பவே கழட்டிடறேன்.”