தூக்காத விரல்

வெளியே ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால், யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்குள் போனபோது நாங்கள் நான்கு பேர். படத் தயாரிப்பாளர், கம்பெனியைக் கவனித்துக்கொள்ளும் அவருடைய மைத்துனர், டைரக்டரான என் தம்பி, நான். ஐந்தாவது ஆள் கிடையாது.

கதை சொல்லும் இடத்தில் அண்ணனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். தம்பிதான் கூப்பிட்டான். "இது முப்பத்தோராவது ஆபீஸ் அண்ணே. தனியா போனா வாசல்லயே திரும்பிடுவேன். இதுவும் போச்சுன்னா நாளைக்கே உங்க பைப் கடையில வந்து உக்காந்துடறேன்."

ஒரு படமும் மூன்று சீரியலும் எடுத்தவன். படம் மூன்றாம் நாளே தியேட்டரை விட்டுப் போனது. கடைசி சீரியலில் பாதியில் இவனை நீக்கிவிட்டு, இவனுடைய உதவியாளரையே டைரக்டராக்கினார்கள். இரண்டு வருடமாக வேலை இல்லை. மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். என் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

அந்தத் தயாரிப்பாளரின் வழக்கம் சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கதை பிடிக்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு விரலைத் தூக்குவார். சொல்கிறவர் அந்த நொடியே எழுந்துவிட வேண்டும். இடைவேளைக் காட்சி வரை விரல் எழவில்லை என்றால், மீதிக் கதைக்கு முன்பே மைத்துனர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கறுப்புக் கண்ணாடியோடு, உயரமான நாற்காலியில் புதைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பெரியவர் எதுக்கு வந்திருக்காரு? தம்பி அழுதா கண்ணத் தொடைக்கவா?" என்றார்.

"எங்க வீட்டுல யாரும் அடுத்தவங்க முன்னாடி அழ மாட்டோம்" என்றேன்.

"பார்க்கலாம். ஆரம்பிப்பா."

"ஒருத்தன் தன் வீட்டப் பூட்டுறான் சார். பூட்டிட்டு, சாவிய ஆத்துல வீசுறான்..." தம்பியின் குரல் நடுங்கியது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. தயாரிப்பாளரின் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் உருண்டது. தம்பி பேச்சை நிறுத்தி, குனிந்து எடுத்து, அதை அவர் விரல்களுக்கிடையே பவ்யமாகச் செருகினான்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் பேனா பொறுக்கிக் கொடுத்ததில்லை. ஒரு வாய்ப்புக்காக இவ்வளவு குழைய வேண்டுமா?

நிமிர்ந்தவன் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தான். பிறகு முன்னைவிட உரத்த குரலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அதற்கப்புறம் அவன் உட்காரவே இல்லை. தயாரிப்பாளர் முன்னால் நின்றபடியே நடித்தான், கத்தினான், மண்டியிட்டான். சட்டை முழுக்க வியர்வை. நான் சொன்ன சொல்லையும் மீறி, நிஜமாகவே அழுதான்.

"இடைவேளை சார்" என்று அவன் நிறுத்தியபோது அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. விரல் எழவில்லை.

மைத்துனர் என் காதருகே குனிந்தார். "மாமா காப்பியக்கூட மறந்துட்டாரு, பாத்தீங்களா? ஆடை கட்டிப் போச்சு. இந்த வருஷத்துல இப்படிக் கேட்டது இதுதான் மொதக் கதை."

ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் நீட்டினார். தம்பிக்குத் தன் பெயரையே ஒழுங்காக எழுத வரவில்லை. நான் போய்த் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

மீதிக் கதையையும் ஒரு சொல் விடாமல் சொன்னான். கடைசியில் அந்த ஆள், தான் பூட்டிய வீட்டு வாசலில் கிழவனாக வந்து நிற்க, உள்ளேயிருந்து கதவு திறக்கிறது. மைத்துனர் விசும்பினார். எனக்கும் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. ஜலதோஷம்.

"எப்படி மாமா?" என்று மைத்துனர் எழுந்துபோய்த் தோளைத் தட்டினார்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கறுப்புக் கண்ணாடி மடியில் விழுந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார்.

படம் நிற்கவில்லை. "மாமா கடைசியா ஒத்துக்கிட்ட கதை. இதை எடுக்காம விட மாட்டேன்" என்று மைத்துனர் பதினாறாம் நாளே படப்பிடிப்புக்குத் தேதி குறித்துவிட்டார். தம்பியின் மனைவியும் மகளும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஒரு பேச்சு கிளம்பியது. "அவன் சொன்ன கிளைமாக்ஸக் கேட்டே மனுஷன் போயிட்டாராம்!" கதை கேட்க வந்த கதாநாயகன் துணைக்கு ஒரு டாக்டரையும் கூட்டி வந்தானாம். சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்கு வந்த தம்பியை, அவனுக்காகப் போட்டிருந்த அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"மூணு தலைமுறையா நம்ம வீட்டு மேல ஒரு சொல் விழுந்ததில்ல. இப்பக் கொலைகாரக் குடும்பம்ங்கறான். உன் கிளைமாக்ஸ் யாரையும் கொல்லலன்னு வெளிய சொல்லு. ஊர் பேசுறது பொய்தானே?"

"பொய்தான் அண்ணே."

"அத வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

தன் விரல்களைப் பார்த்தான். பிறகு தலை நிமிராமல் சொன்னான்.

"கிளைமாக்ஸ்ல இல்லண்ணே. பேனா விழுந்தப்பவே போயிட்டாரு."